வலிக்காத புண்

அயனம்பாக்கத்தில் யாருக்கு வாயில் புண் வந்தாலும் பொன்னியம்மா வீட்டு வாசலில் வந்துதான் வாயைப் பிளப்பார்கள். காலை ஷிப்டுக்குப் போகிறவன் சோற்று டப்பாவும் கையுமாக நிற்பான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அழுதுகொண்டு நிற்கும். அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, உதட்டை மடக்கிப் பார்ப்பாள். நடுவில் வெள்ளை, சுற்றிலும் சிவப்பு, தொட்டால் உயிர் போகும்.

"இன்னாடா, மொளகா பஜ்ஜியா துன்ன?"

"இல்லக்கா. போன வாரம் பூரா நைட் ஷிப்டு. தூக்கமே கெடையாது."

"அதான் சூடு ஏறிப் போச்சு. ஆ காட்டு."

மாசிக்காயைக் கல்லில் இழைத்து, தேனில் குழைத்து, சுண்டுவிரலால் பூசுவாள். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வாள். தேங்காய்ப்பாலை வாயில் வைத்திருந்து விழுங்கச் சொல்வாள். மணத்தக்காளிக் கீரையைக் கடைந்து தின்னு, காரத்தைத் தொடாதே, டீயைச் சுடச்சுடக் குடிக்காதே, செங்கல் தூளால் பல்லைத் தேய்க்காதே என்பாள். ஒரு வாரத்தில், மிஞ்சிப்போனால் இன்னும் சில நாளில் ஆறிவிடும். ஆறவில்லை என்று திரும்பி வந்தவர் யாருமில்லை. காசு வாங்கமாட்டாள். வாங்கினால் கைராசி போய்விடும். வெற்றிலை பாக்கு கொடுத்தால் எடுத்துக்கொள்வாள்.

அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு பெயர்தான். கம்பெனி கேன்டீனில் அண்டா தேய்க்கிற வேலை. அங்கே அவளை 'ஏய்' என்று கூப்பிடுவார்கள். தெருவுக்கு வந்தால் 'பொன்னிக்கா'.

அந்தப் பெயரை அம்பத்தூர் எஸ்டேட் வரைக்கும் கொண்டுபோனவன் அவள் புருஷன் துலுக்கானம். மின்விசிறி செய்கிற கம்பெனி ஒன்றில் பெயிண்ட் அடிக்கிறவன். பெயிண்ட் அடிக்கிற இடத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது. பெயிண்டில் கலக்கிற தின்னரின் ஆவி குப்பென்று தீப்பிடித்துக்கொள்ளும். அதனால் அங்கே எல்லோருமே புகையிலையைச் சுண்ணாம்போடு கசக்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலை செய்தார்கள். ஷிப்டு முடிகிறவரை அது ஊறிக்கொண்டே கிடக்கும். துலுக்கானத்துக்கு இடது கன்னம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான்.

"எவனுக்கு வாய்ப்புண்ணு? எங்க ஊட்டாண்ட வாங்கடா. எம் பொண்டாட்டி கை வச்சா டாக்டரு கட சாத்திக்கினு போவணும்" என்பான்.

அவனுக்கே புண் வந்தது ஒரு சித்திரையில். இடது கன்னத்தின் உள்பக்கம், சுண்டுவிரல் நகமளவு.

"வலிக்குதா?"

"வலியே இல்லடி. நாக்கு பட்டாத்தான் தெர்து."

பொன்னியம்மாவுக்கு நிம்மதியாக இருந்தது. வலி இல்லையென்றால் ஆறுகிற புண். அப்படித்தான் அவள் கண்டிருந்தாள்: முதலில் வலி போகும், பிறகு புண் போகும். மற்றவர்களுக்கு ஒரு வேளை பூசினால் இவனுக்கு மூன்று வேளை பூசினாள். புகையிலையை விடச் சொன்னாள். அவனால் முடியவில்லை. "செரி, மருந்து இந்தப் பக்கம், பொகயில அந்தப் பக்கம்" என்று அவளே வழி செய்து கொடுத்தாள்.

வைகாசி போனது. ஆனி வந்தது. புண்ணின் ஓரம் தடித்து, விரல் பட்டால் கல்போல் இருந்தது. தோல் முற்றுகிறது, ஆறப்போகிறது என்று நினைத்தாள். இன்னும் வலிக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பார்வதம்தான் முதலில் கேட்டாள். "இன்னாக்கா, அண்ணாத்தே கொழந்த மாதிரி சோத்த கிள்ளிக் கிள்ளி வாயில போட்டுகினு கீது?"

அன்றைக்குத்தான் பொன்னியம்மா கவனித்தாள். அவன் வாய் முழுதாகத் திறக்கவில்லை. தினம் மூன்று வேளை அந்த வாய்க்குள் விரல் விட்டவள் அவள். அது கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டு வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

அம்பத்தூரில் ஒரு பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் கன்னத்தைத் தடவினார், கழுத்தை அழுத்திப் பார்த்தார், எவ்வளவு நாளாக என்று கேட்டார். அவள் செய்த வைத்தியத்தையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

"அம்மா, சாதாரண வாய்ப்புண்ணு வலிக்கும். வலிச்சிட்டு ரெண்டு வாரத்துல போயிடும். போகாத புண்ணு, வலியில்லாம கெட்டியாகிற புண்ணு வேற ஜாதி. அதை அன்னிக்கே காட்டியிருக்கணும்."

"நான் பூசுனதெல்லாம் ஆறிச்சே சார்."

"நீங்க பூசாட்டியும் ஆறியிருக்கும்மா. எரிச்சல் கொஞ்சம் அடங்கும், அவ்ளோதான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பாள்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். புற்று. கன்னத்தையும் தாடையில் ஒரு பக்கத்தையும் எடுக்க வேண்டும், எடுத்தால் பிழைக்க வழியுண்டு, தள்ளிப்போட்டால் இல்லை என்றார்கள். ஆடி கடைசித் திங்கட்கிழமை வந்து படுக்கச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் துலுக்கானம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"நான் போவல."

"இன்னாய்யா சொல்ற?"

"பாதி மூஞ்சிய அறுத்துட்டு எங்கேடி நடப்பேன்? மூக்குல கொழா வச்சி கஞ்சி ஊத்துவானாம். எத்தினி பேர் வாய ஆத்திக்கீற. என்னுத ஆத்தமாட்டியா?"

"யோவ், அதெல்லாம் தானா ஆறுன புண்ணுய்யா. டாக்டரு சொன்னத நீயுந்தான கேட்ட? என் மருந்து மருந்தே இல்ல."

"பயந்துகினு பேசற. டாக்டரு அப்டிதான் சொல்லுவான், அவன் பொழப்பு."

எப்படிச் சொல்லியும் அவன் காதில் ஏறவில்லை. அழுதாள். பிள்ளை இல்லாத வீட்டில் நீயும் போய்விட்டால் நான் யாரைப் பார்ப்பேன் என்று சண்டை போட்டாள். அவன் ஆற்றாமையோடு அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

அந்த வாரம் பார்வதத்தின் மகள் ராணி உதட்டுப் புண்ணோடு வந்து நின்றாள். பொன்னியம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. மாசிக்காயை எடுக்கவில்லை. உப்புத் தண்ணீர், தேங்காய்ப்பால், கீரை எதையும் சொல்லவில்லை. வெறும் அரிசி மாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி அனுப்பினாள். அந்தப் பெண் தினமும் வந்து நம்பிக்கையோடு உதட்டை மடக்கிக் காட்டியபோது பொன்னியம்மாவால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. புண் ஆறிவிடக் கூடாதே என்று ஒரு மனசும், ஆற வேண்டும் என்று ஒரு மனசுமாகக் கிடந்தாள். ஆறினால் இத்தனை வருஷப் பெயர் பொய். ஆறினால்தான் புருஷன் பிழைப்பான்.

ஆறியது. மருந்து பூசினால் எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாளில் ஆறியது.

ராணியை இழுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நிறுத்தினாள்.

"இவ உதட்ட பாரு. செரியாப் போச்சா?"

"ஆமா, சுத்தமா போச்சு. அதுக்கின்னா இப்போ?"

"நான் இவளுக்குப் பூசுனது மருந்தில்ல. வெறும் அரிசி மாவு. ரேஷன் அரிசி மாவுய்யா! இப்பவாவது தெர்தா? எங்கிட்ட ஒண்ணுமே கெடையாது. ஆஸ்பத்திரிக்கிப் போலாம், வா."

ராணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே ஓடிவிட்டாள். துலுக்கானத்தின் முகம் மலர்ந்தது. திறக்கிற அளவுக்கு வாயைத் திறந்து சிரித்தான்.

"பாத்தியா? மாவுலியே ஆறிச்சின்னா, அது மருந்தில்லடி. உங் கை! உங் கைதான். இத்தினி நாளு நமக்கே தெரிலயே!"

பொன்னியம்மா ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் போர்வை, தட்டு, டம்ளர் எல்லாம் பையில் கட்டி வைத்தாள். பார்வதத்தின் புருஷன் உத்தமன் லீவு போட்டுவிட்டு வந்து கூப்பிட்டான். "மாமே, நான் கூட வர்றேன். சொம்மா எந்திரி. எனக்காவ வா." துலுக்கானம் அவன் தோளில் தட்டி, "நீ வேலைக்குப் போடா. அடுத்த மாசம் பாரு, உங்கூட குந்தி பிரியாணி துன்றேன்" என்றான். உத்தமன் பொன்னியம்மாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் போனான்.

பட்டணத்துக்குப் போகிற பதினோரு மணி பஸ்ஸின் சத்தம் கேட்டது. துலுக்கானம் கதவோரம் வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டான்.

"பூசு."

பூசமாட்டேன் என்று சொல்லலாம். சொன்னாலும் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதில்லை. பொண்டாட்டியும் தன்னைக் கைகழுவிவிட்டாள் என்று மட்டும் நினைத்துக்கொள்வான்.

அவள் கல்லை எடுத்தாள். மாசிக்காயை இழைத்தாள். தேன் விட்டுக் குழைத்தாள். பல்லுக்கு நடுவில் சுண்டுவிரல் நுழையவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, அதன் நுனியில் மருந்தைத் தொட்டு உள்ளே விட்டாள். அவன் சின்னப்பிள்ளை மாதிரி ஆடாமல் அசையாமல் காட்டிக்கொண்டிருந்தான்.