சிவப்பு அட்டையும் பச்சைத் தண்ணியும்

ஏரிக்கரையில் அவளை எல்லாரும் பாட்டிலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நகராட்சி சுகாதாரப் பிரிவில் தண்ணீர் பரிசோதிக்கிற வேலை. வெயில் காலம் தொடங்கிவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, ஊர் ஜனங்கள் நீந்துகிற துறையில் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்குவாள். பாட்டிலைத் தலைகீழாக முழங்கை ஆழத்துக்கு அமிழ்த்தி, அங்கே வைத்தே நிமிர்த்தி, நிரம்பியதும் மூடி, கரையில் இருக்கும் ஐஸ் பெட்டிக்குள் வைப்பாள்.

"என்னக்கா, ஏதாச்சும் மாட்டுச்சா?" என்று கரையில் நிற்கிறவர்கள் தூண்டில்காரரைக் கேட்பது மாதிரி கேட்பார்கள்.

"மாட்டினா நாளைக்குச் சொல்றேன்" என்பாள்.

மறுநாள் முடிவு வந்ததும் துறையில் இருக்கும் பலகையில் ஓர் அட்டையைச் செருகுவாள். நீலம் என்றால் நல்ல தண்ணீர். மஞ்சள் என்றால் சுமார். சின்னப் பிள்ளைகளை இறக்குமுன் யோசிக்க வேண்டும். சிவப்பு என்றால் ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து சிவப்பு வெளியே வந்ததே இல்லை. பலகைக்குப் பின்னால் ஓர் உறையில் புதுசாகவே கிடந்தது.

அந்த வருஷம் அந்தத் துறையில் அவளைவிட அதிகமாகப் பழியாய்க் கிடந்தது அவளுடைய நாத்தனார். கணவனின் அக்கா. தபால் ஆபீஸ் கவுன்டருக்குப் பின்னால் ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவள். தண்ணீர் என்றால் வாளியில் இருக்கும்வரைதான் அவளுக்குத் தைரியம். அப்படிப்பட்டவள் திடீரென்று ஒருநாள், "நான் நீச்சல் கத்துக்கப் போறேன்" என்று கிளம்பினாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று எல்லாரும் சிரித்தார்கள். அவள் காலை நீச்சல் கூட்டத்தில் போய்ச் சேர்ந்து, மூச்சு முட்டி, மூக்கில் தண்ணீர் ஏறி, எல்லாரையும் திட்டி, கடைசியில் மிதக்கவும் நீந்தவும் கற்றுக்கொண்டுவிட்டாள். இப்போது ஏரியைக் குறுக்கே கடக்கிற நீச்சல் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை போட்டி.

வெள்ளிக்கிழமை காலை பாட்டிலக்கா ஆய்வகத்தில் சூட்டுப் பெட்டியைத் திறந்து, அந்த வெயில் காலத்தின் முதல் தட்டை எடுத்தாள். ஏரித் தண்ணீரை மருந்தோடு கலந்து, சின்னச் சின்னக் குழிகள் உள்ள அந்தத் தட்டில் முந்தின நாளே ஊற்றி வைத்திருந்தாள். மனுஷன், மிருகம், பறவை வயிற்றிலிருந்து வரும் கிருமி இருந்தால், ஊதா விளக்கில் காட்டும்போது குழி மின்னும். நல்ல தண்ணீரில் ஒன்றிரண்டு மின்னினால் உண்டு. விளக்கைப் போட்டாள். தட்டு முழுக்க மின்னியது.

"என் கண்ணுதான் கோளாறு" என்று அவளே சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. உடனே ஓடிப்போய் இன்னொரு பாட்டில் மொண்டு வந்தாள். சனிக்கிழமை அதுவும் அப்படியே மின்னியது. மேலதிகாரிக்குப் போன் போட்டாள். "போடு சிவப்பு" என்றார் அவர், இரண்டே வார்த்தையில்.

அவள் அட்டையைச் செருகிவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தலையில் புது நீச்சல் தொப்பி.

"ஏம்மா, உனக்கு வேற வாரமே கிடைக்கலியா?"

"அண்ணி, நானா கிருமியைக் கொண்டுபோய் விட்டேன்?"

பாட்டிலக்காவின் கணவன் பிளம்பர். அக்கா பக்கம் உட்கார்ந்து, அக்கா பக்கமே பேசினான். "அவ்ளோ பெரிய ஏரி. ஒரு பாட்டில் தண்ணியப் பார்த்துட்டு ஏரியையே இழுத்து மூடுவீங்களா? வாத்து ஏதாச்சும் பண்ணியிருக்கும்."

"வாத்து எப்பவும்தாங்க இருக்கு. போன வருஷமெல்லாம் அதுக்கு வயிறு இல்லாமலா இருந்துச்சு?"

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தொப்பியைக் கழற்றினாள். "சரி, போட்டியைத் தள்ளி வச்சுட்டாங்க. விடு. இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லு."

"எங்கிருந்தோ கழிவுத் தண்ணி உள்ள வருது. எங்கேன்னு கண்டுபிடிக்கணும்."

கண்டுபிடிக்க வழி இருந்தது. கரையோரத்தில் கழிப்பறை உள்ள இடங்கள் மூன்றுதான். டீக்கடை, படகுக் கொட்டகை, பிறகு நீச்சல் கூட்டத்தார் உடை மாற்றுகிற அறை. மழைத் தண்ணீர் ஏரிக்குள் விழுகிற குழாய், துறைக்குப் பக்கத்திலேயே நாணல் புதருக்குள் இருந்தது. ஒவ்வொரு கழிப்பறையிலும் சாயத்தை ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தக் குழாய் வாயில் நின்று பார்க்க வேண்டும். உடம்புக்குக் கெடுதல் செய்யாத பச்சைச் சாயம். எங்கே ஊற்றியது வெளியே வருகிறதோ, அங்கேதான் கோளாறு.

திங்கட்கிழமை காலை கரையில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. படகுக்காரருக்கு டீக்கடைமேல் சந்தேகம். டீக்கடைக்காரருக்குப் படகுக்காரர்மேல் சந்தேகம். சாயம் ஊற்றுகிற வேலையை நாத்தனார் ஏற்றுக்கொண்டாள். பாட்டிலக்கா குழாய் வாயில் நின்றாள். அவள் கணவனும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்து நின்றான்.

முதலில் டீக்கடை. காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. "பார்த்தியா!" என்று டீக்கடைக்காரர் குதித்தார். அடுத்து படகுக் கொட்டகை. அங்கிருந்தும் வரவில்லை. இப்போது படகுக்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

"இனி அந்த ரூம் ஒண்ணுதான்" என்றாள் பாட்டிலக்கா.

"அதுவா? அது போன மழைக்காலத்துல நான் போட்டுக் குடுத்த பைப்பு" என்றான் கணவன். "கூலி கூட வாங்காம போட்டது. அங்க ஊத்துறது சாயத்துக்குத்தான் நஷ்டம்."

"முறைக்கு ஊத்திப் பார்த்துடுவோம்."

நாத்தனார் உள்ளேயிருந்து போனில் பேசினாள். "ஊத்திட்டேன். தண்ணியும் திறந்தாச்சு. என்ன, ஒண்ணும் வரலல்ல? வராது. என் தம்பி கை வச்சா அது பத்து தலைமுறைக்கு நிக்கும்."

பாட்டிலக்கா குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு கீற்று வந்தது. பிறகு கிளிப்பச்சை நிறத்தில் பளபளவென்று கொட்டத் தொடங்கி, நாணலுக்குள் புகுந்து, துறையை நோக்கிச் சாவகாசமாக நடந்தது.

"அண்ணி," என்றாள் மெதுவாக, "வருது."

"என்ன வருது?"

"பச்சையா வருது அண்ணி."

அவள் திரும்பிப் பார்த்தாள். கணவன் அங்கே இல்லை. தூரத்தில் அவனுடைய வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

குழாய்களுக்கும் ரெஞ்சுகளுக்கும் நடுவே, ஓட்டுகிற இடத்தில் அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தாள். ரப்பர் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டி வேனை நனைத்தது. வேறு நாளாயிருந்தால் சத்தம் போட்டிருப்பான்.

"அங்க ரெண்டு பைப்பு பக்கத்துல பக்கத்துல கிடந்துச்சு" என்றான். "கழிவுக்கு ஒண்ணு, மழைத்தண்ணிக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே மாதிரி. மழை கொட்டிட்டு இருந்துச்சு. இதுதான் கழிவுக் குழாய்னு நெனச்சு சேர்த்துட்டேன். ஒரு வாளித் தண்ணி ஊத்திப் பார்த்திருக்கலாம். பார்க்கல."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"உனக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சா?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் கடைசியா வச்ச?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கொஞ்சூண்டு இருந்துச்சு. அதான் வேற எங்கயாச்சும் வந்துடக் கூடாதான்னு பார்த்தேன்."

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று அவள் பதறிப்போய்க் கையை வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா சொன்னதைக் கேட்டியா? பத்து தலைமுறைக்கு நிக்குமாம்!"

அதற்கப்புறம் இரண்டு பேராலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. ஒருவழியாக நின்றதும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "ஆபீசுக்கு எழுதணும்ல?"

"எழுதணும்."

"எழுது. என் பேரையும் போடு. அவங்ககிட்ட நானே சொல்லிடறேன்."

இறங்கிப் போய்க் கூட்டத்துக்கு நடுவில் நின்று சொன்னான். கோளாறு என் வேலையில்தான், அபராதம் வந்தால் நான் கட்டுகிறேன், குழாயை இன்றைக்கே மாற்றுகிறேன் என்று. திட்டு வாங்கத் தயாராகத்தான் போனான். ஆனால் காலை நீச்சல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாமதான் இவ்வளவு நாளா அதுக்குள்ள குளிச்சிருக்கோமா?" என்று ஒரு பல் டாக்டர் முகத்தைச் சுளித்தார். பக்கத்தில் இருந்த ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், "எப்பவும் பச்சைத் தண்ணிலதான் குளிப்பேன்னு பெருமை அடிச்சீங்களே டாக்டர், அந்தா வருது பாருங்க" என்று ஏரியைக் காட்டினார். அவ்வளவுதான், கரையே சிரித்தது.

அன்று முழுக்க மண்வெட்டியும் கையுமாக அத்தனை பேரும் பள்ளம் தோண்டினார்கள். டீக்கடைக்காரர் டீ கொடுத்துக்கொண்டே இருந்தார். தன்மேல் பழி வராத சந்தோஷம். நாத்தனார் பள்ளத்தின் விளிம்பில் நின்று, "இந்தத் தடவை ஊத்திப் பாருடா, ஊத்திப் பாரு" என்று தம்பியின் உயிரை எடுத்தாள். அவன் சரியான குழாயில் சேர்த்தான். ஊற்றியும் பார்த்தான். மறுபடி மறுபடி பார்த்தான். நாணல் பக்கம் ஒரு சொட்டு பச்சை வரவில்லை. நகராட்சியிலிருந்து ஆள் வந்து பார்த்து, சரி என்றார். கொஞ்சம் அபராதமும் போட்டுவிட்டுத்தான் போனார்.

ஆனால் உடனே சிவப்பை எடுத்துவிட முடியாது. அடுத்தடுத்து இரண்டு தடவை நல்ல முடிவு வர வேண்டும். அதுவரை நாத்தனார் தம்பி வீட்டுக் கூடத்தில் ஒரு முக்காலியின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு கையையும் காலையும் அடித்துப் பயிற்சி எடுத்தாள். ஒருநாள் பாட்டிலக்காவின் பூச்சாடி ஒன்று அந்த நீச்சலில் போயிற்று. "மூச்சை எங்க விடறீங்கன்னே தெரியல அண்ணி" என்று அவளும் தரையில் உட்கார்ந்து தலையைத் திருப்பச் சொல்லிக்கொடுத்தாள்.

முதல் தட்டில் இரண்டு குழிதான் மின்னியது. இரண்டாவதில் ஒன்றே ஒன்று. அவள் துறைக்கு ஓடிப்போய் நீல அட்டையைச் செருகியபோது, படகுக்காரர் தன் மணியை எடுத்து அடிஅடியென்று அடித்தார்.

போட்டி நாளன்று காற்றே இல்லை. நாத்தனார் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாய் இறங்கினாள். பாதுகாப்புப் படகு ஒன்றில் தம்பி துடுப்புப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே போனான். "அக்கா, மூச்சு! அக்கா, வலது கை!" என்று அவன் கத்தக் கத்த, நடு ஏரியில் அவள் நீந்துவதை நிறுத்தி மிதந்துகொண்டே, "நீ வாய மூடினா நான் போய்ச் சேர்ந்துடுவேன்" என்றாள். அது இரண்டு கரைக்கும் கேட்டது.

எதிர்க்கரையில் பாட்டிலக்கா துண்டோடு காத்திருந்தாள். முன்னால் போனவர்கள் எல்லாம் உடை மாற்றிவிட்டார்கள். நெடுநேரம் கழித்து அந்தத் தொப்பி தெரிந்தது. நாத்தனார் கைகால் வெடவெடக்கக் கரையேறி, துண்டைப் போர்த்திக்கொண்டு, மூச்சு வாங்க முதல் வேலையாகக் கேட்டாள்:

"எனக்குப் பின்னாடி யாராச்சும் இருக்காங்களா?"

"மூணு பேர் இருக்காங்க அண்ணி. டாக்டரும் அதுல ஒருத்தர்."

நாத்தனார் திரும்பி ஏரியைப் பார்த்தாள். பல் டாக்டர் இன்னும் பாதி தூரத்தில் கையை வீசிக்கொண்டிருந்தார்.

"அப்ப சரி" என்றாள். "அவர் வர்ற வரைக்கும் நான் இங்கயேதான் நிப்பேன். என்னை அவர் பார்க்கணும்."