கூரையில் போடாத துளை

ஞாயிற்றுக்கிழமை அப்பா அத்தையோடு பேசிக்கொண்டிருந்த வீடியோ அழைப்பு பாதியில் அறுந்தது. புதன்கிழமை ஓரிகனிலிருந்து செய்தி வந்தது, ஹெல்மி அத்தை இறந்துவிட்டாள் என்று. வியாழக்கிழமை காலை வெஸ்லி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கூடத்துக் கம்பளத்தைச் சுருட்டி வைத்து, தரையில் துளை போட உட்கார்ந்தான். மூன்று மாதத்துக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டிய துளை.

வீட்டு இணைய இணைப்புக்கு அவனேதான் திட்டம் போட்டான். கட்டம் போட்ட தாளில் வீட்டை வரைந்து, கேபிள் போகும் வழிக்குச் சிவப்புக் கோடு, வைஃபை எட்டும் இடத்துக்கு நீல வட்டம். தன் வேலை அறைக்கு ஒரு கேபிள், டிவிக்கு ஒன்று, மகளின் அறைக்கு ஒன்று. கீழ்த்தளத்தில் இருக்கும் அப்பா தொய்வோவுக்கு வட்டம் மட்டும். "மாமாவுக்கும் ஒண்ணு இழுத்துடேன், ஒரு துளைதானே" என்றாள் மனைவி கார்லா. ஒரு துளைதான். ஆனால் கூடத்துத் தரைதான் அப்பா அறைக்குக் கூரை; அடிப்பக்கம் இரண்டு வாரயிறுதி கழுத்து ஒடிய நின்று அவன் பூசியது. "வாரத்துக்கு ஒரு தடவை அத்தைகூடப் பேசுறார், அவ்வளவுதான். வைஃபை போதும்" என்று முடித்துவிட்டான்.

போதாது என்று அவனுக்குத் தெரியும். ரௌட்டருக்கும் அப்பாவின் அறைக்கும் நடுவில் சவுனா என்ற நீராவிக் குளியல் அறை இருந்தது. வெக்கை வெளியே போகாமலிருக்க அதன் மரப்பலகைகளுக்குப் பின்னால் நான்கு சுவருக்கும் அலுமினியத் தாள் ஒட்டியவன் அவனே, மயிரிழை இடைவெளி விடாமல். அந்தத் தாளைத் தாண்டி வைஃபை அலை போகாது. இணைய இணைப்பு போடுவதே தொழில், அவனுக்கா தெரியாது? வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக வரைந்தான். வரைபடத்தில் எட்டியது.

"என் தடிவிரல்தான்டா எங்கயோ பட்டிருக்கும்" என்று அப்பா புதன்கிழமையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார். "'தொய்வோ, உனக்கு அந்த...'ன்னு ஆரம்பிச்சா. அப்படியே மூஞ்சி நின்னுபோச்சு. என்ன கேக்க வந்தாளோ, பாவி மக. நான் எதையோ அழுத்திக் கெடுத்துட்டேன்." நாலு தடவையும் வெஸ்லி காபிக் கோப்பையைப் பார்த்துத் தலையாட்டினான். அட மானங்கெட்டவனே, வாயைத் திறந்து சொல்லேன் என்று தன்னையே வைதுகொண்டான்.

துளை விழுந்தது. கீழே அப்பா நாற்காலியில் ஏறி நிற்பது தெரிந்தது. எண்பத்தொரு வயசு, இறங்குங்கள் என்றால் கேட்கிற ஆளில்லை.

"எனக்கு எதுக்குடா இனிமே இது? யாரு கூப்பிடப் போறா, காப்பீடு விக்கிறவனா?"

"பிடிங்கப்பா, விடுறேன்."

கேபிள் இறங்கியது. அப்பா நுனியைப் பிடித்து இழுத்தார். ஒரு முழம், இன்னொரு முழம். முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது என்று வெஸ்லிக்குத் தெரிந்தது. குப்புறப் படுத்துத் துளையருகே வாயை வைத்தான்.

"அப்பா, உங்க விரல் இல்ல. நான்தான். அந்த அறைக்கு வைஃபை சரியா வராதுன்னு எனக்கு அப்பவே தெரியும். கூரை கெட்டுப்போகும்னு விட்டுட்டேன்."

கேபிள் நின்றது.

வெஸ்லி இரண்டு விரலால் கேபிளை லேசாகத் தூக்கிப் பார்த்தான். வரவில்லை. அப்பா இழுக்கவுமில்லை, விடவுமில்லை.