காலுக்கு முதல் தண்ணீர்

பொன்னம்மாள் குடத்தைத் தூக்கித் தலைமேல் கவிழ்க்கப் போனபோது, நாகவல்லியின் கை தானாக நீண்டு குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

"தலையில ஊத்தாதக்கா," என்றாள். "கால்லேர்ந்து ஊத்து."

சுற்றி நின்ற பெண்கள் அவளைப் பார்த்தார்கள். கொல்லையில் மரப்பெஞ்சின் மேல் துலுக்கானத்தைச் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். நாகவல்லியின் கணவன் கஜபதிக்கு அக்கா; நேற்று சாயங்காலம் செத்துப்போனவள். நாலு பக்கமும் பழைய சேலைகளை விரித்து, மூலைக்கு ஓர் ஆணாக வெளியே பார்த்துத் திரும்பி நின்று மறைப்பைப் பிடித்திருந்தார்கள். கிணற்றடி மூலையில் நின்றது கஜபதி. சேலை விளிம்புக்கு மேலே அவன் பின்தலை மட்டும் தெரிந்தது.

"இன்னாடி இது புதுசா கீது?" என்றாள் பொன்னம்மாள். அவள் கஜபதியின் அண்ணன் வேம்புலியின் மனைவி. மாமியார் போன பிறகு இந்தக் கோவில்பதாகை ஊர் வீட்டில் துலுக்கானத்தை வைத்துச் சோறு போட்டவள். கேட்கிற உரிமை அவளுக்கு உண்டு.

செத்தவளுக்குத் தலைக்குத்தான் தண்ணீர் என்று நாகவல்லிக்கும் தெரியும். மகனைக் குளிப்பாட்டுகிற பழக்கத்தில் கை போய்விட்டது. சம்பத்துக்கு ஆறு வயது. தலையில் ஒரு சொம்பு விழுந்தால் அவர்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்கும்படி அலறுவான். அவனோடு சேர்ந்து அவளும் அழுத நாட்கள் உண்டு. ஒரு காலையில் சொம்பு கைதவறி அவன் பாதத்தில் கொட்டியது. அவன் அழவில்லை; குனிந்து பார்த்தான். அன்றிலிருந்து முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. தண்ணீர் வருகிறது என்று உடம்புக்கு முன்னாலேயே சொல்லி அனுப்புவதுபோல. கடைசியில் தலை.

"அவுங்களுக்குத் தலையில தண்ணி ஆவாதேக்கா," என்றாள்.

பொன்னம்மாள் குடத்தை இடுப்புக்கு இறக்கினாள். "அது நெசந்தான். தலைக்கு ஊத்துற அன்னிக்கு கடிச்சி வெச்சிடுவா. தோ பாரு." முன்கையைத் திருப்பி, வெளுத்துப்போன ஒரு பல்வரிசையைக் காட்டினாள். பெண்களில் யாரோ சிரித்தார்கள். பொன்னம்மாளும் சிரித்துவிட்டு, அப்படியே அழுதாள்.

கிணற்றடி மூலையில் சேலை ஒரு சாண் இறங்கியது.

"மறைப்ப ஒயுங்கா புடிங்கப்பா," என்று ஒருத்தி அதட்டினாள். சேலை மறுபடி உயர்ந்தது.

நாகவல்லி குனிந்து பாதத்தில் முதல் தண்ணீரை விட்டாள். குதிகால் இரண்டும் தேய்ந்து காய்த்துக் கிடந்தன. முழங்கால், தொடை, வயிறு. வயிறு இன்னும் உப்பியிருந்தது. மூன்று நாளாக அம்மிக்கல்லில் வயிற்றை அழுத்திக்கொண்டு குப்புறக் கிடந்தாளாம். வலிக்கிறது என்று காட்டக்கூடத் தெரியவில்லை. அடம் பிடிக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உள்ளே ஏதோ வெடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

மஞ்சளைக் குழைத்து முதுகில் தடவும்போதுதான் அவள் கை நின்றது.

முதுகு வழவழவென்றிருந்தது. மார்பும் வயிறும் தோளும் அப்படியே. நாற்பது வயதைத் தாண்டிய உடம்பு, வெயிலே படாமல் வளர்ந்த கீரைத்தண்டு மாதிரி வெளிறி, ஒரு பொட்டுக்கூட இல்லாமல் இருந்தது. இடது மேற்கையில் மட்டும் வட்டமாக இரண்டு வடு. அது அம்மைத் தடுப்பு குத்திய வடு.

கல்யாணத்துக்கு முன்னால் பூந்தமல்லியில் நாகவல்லியின் அப்பாவிடம் மாமியார் சொன்னது அவளுக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. மூணு வயசு வரைக்கும் கிளி மாதிரி பேசினவள் துலுக்கானம். பெரியம்மை போட்டு, உடம்பெல்லாம் முத்து, வேப்பிலையில் கிடந்து பிழைத்தாள், பேச்சை மட்டும் ஆத்தா எடுத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் காணோமே என்று அப்பா கேட்டார். முகத்தை விட்டுட்டா, மத்ததெல்லாம் உடம்புல கீது என்றாள் மாமியார். அதற்கு மேல் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி எந்த ஆம்பிளை கேட்பான்.

முதுகில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. நாகவல்லி மீண்டும் தடவத் தொடங்கினாள். இன்னொரு காய்ச்சல் அவள் நினைவுக்கு வந்தது.

சம்பத்துக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது உண்மை. இரண்டு நாள் சளிக் காய்ச்சல். முதல் டாக்டரிடம் கஜபதி அதை நல்ல காய்ச்சல் என்றான். அடுத்தவரிடம் பத்து நாள் காய்ச்சல் ஆயிற்று. மூன்றாமவரிடம், வலிப்பு மாதிரிகூட வந்தது சார் என்றான். ஒருவர் காது சரியில்லை என்றார். ஒருவர் ஆம்பிளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்றார். ஒருவர் மந்தபுத்தி என்று எழுதினார். இன்னொருவர் வலிப்புக்கு மாத்திரை கொடுத்தார். அதைத் தின்று பிள்ளை ஒரு மழைக்காலம் முழுக்கத் தூங்கினான். அப்போதெல்லாம் நாகவல்லி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று அவள் ஒரு தரமும் சொல்லவில்லை. காய்ச்சலுக்கு யாரும் பொறுப்பில்லை. அது காற்றில் வந்து காற்றில் போவது. யாருடைய இரத்தத்திலும் கை வைக்காதது. அந்த நிழலில் அவளும் ஒதுங்கித்தான் இருந்தாள்.

யூகேஜியில் இரண்டு வருஷம் ஜமீலா டீச்சர் அவனைத் தன் மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, சாக்பீஸ்களை அடுக்கக் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். இனி ஒன்றாம் வகுப்பு. என்ன கோளாறு என்று டாக்டர் தெளிவாக எழுதித் தராமல் ஜூனில் சேர்க்க முடியாது என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டாள். பட்டணத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது என்றும், அங்கேயும் டாக்டர் எழுத்து கேட்பார்கள் என்றும் விசாரித்துச் சொன்னவள் ஜமீலா டீச்சர்தான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உள்ள டாக்டரம்மாவின் பெயரையும் அவளே சொன்னாள்.

அந்த டாக்டரம்மா சம்பத்தோடு தரையில் உட்கார்ந்து, அவன் அடுக்கிய மரக்கட்டைகளுக்குப் பின்னால் தானும் ஒன்றை வைத்தாள். பிறகுதான் பேசினாள். "ஆட்டிசம்னு ஒண்ணு இருக்கும்மா. எனக்கு அதுன்னுதான் படுது. ஆனா காய்ச்சல்ல மூளை பாதிச்சா அது வேற. நீங்க சொல்ற காய்ச்சல்தான் குழப்புது. குடும்பத்துல வேற யாராவது இப்படி இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க," என்றான் கஜபதி.

வருகிற வியாழக்கிழமை இன்னொரு தரம் வரச் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் வெளியூர் போகிறாள். திரும்பும்போது பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

புதுச்சேலை கட்டி, பூ வைத்து, துலுக்கானத்தை முன்வாசலில் கிடத்தினார்கள். கன்னியாய்ப் போனவள், வருஷா வருஷம் வீட்டுத் தெய்வமான பூவாடைக்காரியாக வைத்துச் சேலை படைக்க வேண்டும் என்று ஒரு கிழவி சொல்ல, வேம்புலி கைகட்டிக் கேட்டுக்கொண்டான். விருந்தாளி வந்தால் நடு அறைக்குள் அனுப்பப்பட்டவளுக்கு முன்னால் ஊரே வந்து நின்றது. மேளக்காரர்கள் பறையை நெருப்பில் காட்டிவிட்டு ஓங்கி அடித்தார்கள்.

முதல் அடியிலேயே நாகவல்லி உள்ளே ஓடினாள். சம்பத்தை விட்டுவந்த இடத்தில் காணோம். நடு அறையில், சுவருக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவே இருந்த இடுக்கில் உட்கார்ந்திருந்தான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடியபடி, குதிகாலைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் சிமெண்டுத் தரை ஏற்கனவே இரண்டு குழியாகத் தேய்ந்து மினுமினுத்தது. அவன் குதிகால்கள் அந்தக் குழிகளில் பாந்தமாக உட்கார்ந்திருந்தன.

பின்னால் பொன்னம்மாள் வந்து நின்றாள்.

"யாரும் இட்டாந்து வுடல. அவனா வந்து குந்திகினான்," என்றாள். "எனக்கும் அம்மைன்னுதான் சொன்னாங்க வல்லி. வந்த வருசமே சேல மாத்தும்போது பாத்துட்டேன். நான் வாயத் தொறக்கல. அப்போ கஜபதிக்குப் பொண்ணு பாத்துகினு இருந்தாங்க."

நாகவல்லிக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். அது வரவில்லை. இடுக்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மேளம் தெருவைத் தாண்டும்வரை மகனுடைய குதிகால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றை அம்மிக்கல்லில் அழுத்திக்கொண்டு கிடக்கிற ஒரு பெரிய ஆம்பிளை உடம்பு, சம்பத்தின் முகத்தோடு, கண்முன் வந்துகொண்டே இருந்தது.

பாடை எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், தோளில் போடத் துண்டை எடுக்க உள்ளே வந்த கஜபதியை அவள் நிறுத்தியிருந்தாள்.

"அவுங்க உடம்புல அம்மைத் தழும்பே இல்லீங்க."

அவன் துண்டை உதறினான். மடித்தான். மறுபடி உதறினான்.

"இப்பவா அத்தப் பேசணும்?"

"வியாழக்கெழம பேசணுமில்ல."

வெளியே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தலைமுழுகினார்கள். சம்பத் மட்டும் பாக்கி. தீட்டு வீட்டில் பிள்ளையை அப்படியே வைத்திருக்கக் கூடாது என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அவள் அவனைக் கிணற்றடிக்கு அழைத்துவந்து சட்டையைக் கழற்றினாள். வாளியைப் பார்த்ததும் அவன் உடம்பு விறைத்தது. இது அவனுடைய வாளி இல்லை, அவனுடைய சொம்பு இல்லை.

அப்போது ஆண்கள் திரும்பினார்கள். மீசையில்லாத கஜபதியை முதல் பார்வையில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மேலுதடு வெளுத்து, முகம் சின்னதாகிப்போயிருந்தது. வேம்புலி காலைக் கழுவிக்கொண்டு படியில் உட்கார்ந்தான். கருமாதி முடிகிற வரைக்கும் யாரும் எங்கேயும் போகக் கூடாது, ஆஸ்பத்திரி கீஸ்பத்திரி எல்லாம் அப்பாலதான் என்று பொதுவாகச் சொன்னான்.

கஜபதி நேராகக் கிணற்றடிக்கு வந்தான். நாகவல்லியின் கையிலிருந்து சொம்பை வாங்கி, மகனுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஆறு வருஷத்தில் அவன் பிள்ளையைக் குளிப்பாட்டி அவள் பார்த்ததில்லை. சொல்லிக்கொடுக்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் சொம்பைச் சாய்த்துவிட்டான். தண்ணீர் சத்தமில்லாமல் பாதத்தில் விழுந்தது.

"எங்கம்மா அக்காவுக்கு இப்டித்தான் ஊத்தும்," என்றான் தலை நிமிராமல். "நாந்தான் கெணத்துல எறச்சி குடுப்பேன்." இன்னொரு சொம்பு மொண்டான். "அண்ணிக்கு இது தெரியாது. நான் சொல்லல."

முழங்காலுக்கு ஊற்றினான். படியில் வேம்புலி ஒரு தரம் இருமினான்.

"அந்த டாக்டரம்மா கேட்டா இதையெல்லாம் சொல்லணும் இல்ல," என்றான் கஜபதி. "வியாழக்கெழம எந்த ரயிலு?"

"எட்டு மணி ரயிலு."

படியில் வேம்புலி ஈரக் காலைத் துடைத்துக்கொண்டான்.

சம்பத் குனிந்து தண்ணீர் ஓடுவதைப் பார்த்தான். அது சேற்றில் வழி தேடிக்கொண்டு, காலையில் மரப்பெஞ்சு கிடந்த இடத்தில் இன்னும் மஞ்சளாக இருந்த மண்ணைத் தொட்டது. பிறகு அவன் அப்பாவின் தோளில் ஒரு கையை ஊன்றி, நனையாத இன்னொரு காலைச் சொம்புக்கு நேரே தூக்கிக் காட்டினான்.