எந்த வரியில் அழுகை வந்தது

1

“கதை கேட்டு நான் அழுதா உடனே பென்சிலக் கையில எடுத்துடுவாங்க. ‘எந்த வரியில கண்ணு அழுகை வந்துச்சு?’ன்னு கேப்பாங்க.”

“யாரு, மேடமா?”

“வேற யாரு? எங்கம்மாதான். வந்ததுலேர்ந்து புகழ்ந்துட்டிருக்கீங்களே, உங்க பேராசிரியை.”

இந்தக் கதை இப்படித்தான் என் மடியில் விழுந்தது. குழந்தை இலக்கியத்தை வாழ்நாள் முழுக்கக் கற்பித்த என் பேராசிரியை ஓய்வு பெற்றார். பாராட்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். வீட்டில் அவர் எப்படி என்று இரண்டு பத்தி சேர்க்கலாமே என மகளைப் பார்க்கப் போனேன். கட்டுரை அங்கேயே உயிரை விட்டது.

2

முதல் தொடக்கம்: ‘முயல்களுக்கும் பூதங்களுக்கும் பல்கலைக்கழகத்தில் நாற்காலி வாங்கிக் கொடுத்தவர் அவர். சக பேராசிரியர்கள் “பாப்பா டிபார்ட்மென்ட்” என்று கேலி செய்தபோதும்—’

(வேண்டாம். எல்லாம் உண்மைதான். ஆனால் பூமாலை வாசனை அடிக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: ‘வகுப்பில் அவர் கேட்பார்: “ஆமை தனியா நடக்கற இடத்துல அந்த அஞ்சு வயசுக் குழந்தை அழல. ஆமை திரும்பிப் பாக்கற இடத்துலதான் அழுதுச்சு. ஏன்?” நாங்கள் முண்டியடித்துக் கை தூக்குவோம்.’*

* பாடத்தில் வரும் குழந்தைக்கு ஒரு வீடு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

3

அந்தக் குழந்தைக்கு இப்போது நான்கு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். பேராசிரியை வாரந்தோறும் பேத்தியைப் பார்க்க வருகிறார். கொஞ்சலாம், ஊட்டலாம், குளிப்பாட்டலாம். கதை நேரம் வந்தால் மட்டும் மகள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்திவிடுகிறாள். பேராசிரியை கூடத்தில் உட்கார்ந்திருப்பார்.

“பாவம் இல்லையா?” என்றேன்.

“பாவந்தான். ஆனா நான் ஒரு கட்டத்துல அழறதையே விட்டுட்டேன் தம்பி. அப்பா தவறினப்பகூட அழுகை வரல. அம்மா பக்கத்துல நின்னாங்க இல்ல?” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “என் பொண்ணாவது யாருக்கும் விடை சொல்லாம அழட்டும்.”

(மகள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாளோ? எனக்குச் சந்தேகம்தான். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் இந்த இடத்தில் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்யும். எல்லோரும் எல்லோரையும் புரிந்துகொள்வார்கள். இங்கே வாஷிங் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.)

4

முடிவு ஒன்று: பேராசிரியை மன்னிப்புக் கேட்கிறார். (எதற்கு? ஆசையாய்த்தானே கேட்டார். அவர் வாழ்நாளில் கேட்டதிலேயே அன்பான கேள்வி அதுவாகக்கூட இருக்கலாம்.)

முடிவு இரண்டு: பாப்பாவே ஓடிப்போய்க் கதவைத் திறந்து— (கூடாது. பெரியவர்களின் சிக்கலை அவிழ்க்கக் குழந்தையை அனுப்புவது சோம்பேறித்தனம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.)

மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை. நான் பார்த்ததை மட்டும் வைக்கிறேன். மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

5

நான் கிளம்பும்போது பேராசிரியை வந்தார்.

“அட, நீயா! கட்டுரையில என்னைய ரொம்ப ஏத்தி வெச்சுடாதடா. இந்த வயசுல விழுந்தா எலும்பு சேராது.”

கதை நேரம்தான். மகள் பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அறைப் பக்கம் நடந்தாள். பேராசிரியை பின்னாலேயே போய் நிலைப்படியில் நின்றார். வகுப்பில் கடைசி பெஞ்சு வரை எட்டும் குரல் அது. இப்போது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“நான் படிக்க மாட்டேன், நீயே படி. கேள்வி கேக்க மாட்டேன். அவ மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேன், சுவரு பக்கமாத் திரும்பி உக்காந்துக்கறேன். நானும் கேக்கட்டுமாம்மா?”