ஆர்ச்சி டொலனுக்கு ஐந்து நிமிடம்

டிவி நிறுவனத்தின் விருந்தினர் அறையில் வைக்கும் சீஸ் தட்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். மூலையில் காய்ந்துபோன திராட்சை, நடுவில் ஒரு சின்னக் கத்தி. பணம் கொழிக்கும் வீட்டில் வேண்டாத சம்பந்தியை உட்காரவைத்து உபசரிப்பதுபோல. அந்த மே மாதத்தில் மட்டும் அந்தத் தட்டின் முன்னால் நானும் ஆர்ச்சி டொலனும் ஐந்து முறை உட்கார்ந்து, ஐந்து முறையும் மேடையைப் பார்க்காமலே வீடு திரும்பியிருந்தோம். அன்று ஆறாவது முறை.

ஆர்ச்சி காமெடியன். தனியாக நின்று, மைக்கைப் பிடித்து, சிரிக்கவைத்துப் பிழைப்பவன். நான் அவனுடைய மேனேஜர், மேக்ஸின் கெல்ப். அவனுக்கு வேலை தேடிக் கொடுப்பது நான், அவன் குடிக்காமல் பார்த்துக்கொள்வதும் நான். அந்த வருஷம் அவனுக்கு ஒரே ஒரு ஆசை: வாரன் லண்டின் ஷோவில் ஐந்து நிமிடம். நாட்டிலேயே அதிகம் பேர் பார்க்கும் ராத்திரி ஷோ அது. பேர்தான் ராத்திரி ஷோ. ஊர் படுக்கையில் சாய்ந்துகொண்டு பார்ப்பதைச் சாயங்காலம் ஐந்தரைக்கே, வெளியே வெயில் அடிக்கும்போதே ஆரம்பித்து, நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுத்து முடித்துவிடுவார்கள்.

கடைசி விருந்தாளிதான் எப்போதும் காமெடியன். முன்னால் வரும் நடிகை தன் நாய்க்குட்டியைப் பற்றி அதிகம் பேசிவிட்டால், காமெடியனுக்கு நேரம் இருக்காது. “இன்னொரு நாள் பாத்துக்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். தொழிலில் இது சகஜம். ஒரு முறை நடக்கும், இரண்டு முறை நடக்கும். ஐந்து முறை நடந்தால் எனக்கு மூக்கு வியர்க்கும்.

ஆர்ச்சிக்கு வியர்க்கவில்லை. “விடு மேக்ஸின், இன்னிக்கு நிச்சயம் வந்துடும்” என்றான். ஒவ்வொரு முறை திருப்பி அனுப்பப்பட்டபோதும், போன தடவைச் சரக்கு பழசாகிவிட்டதென்று புதிதாக ஐந்து நிமிடம் எழுதிக்கொண்டு வருவான். இஸ்திரி போட்ட அதே நீல சூட். வயது நாற்பத்தைந்து, வயிற்றில் ஒரு காபி மட்டும்.

அவன் அவசரத்துக்குக் காரணம் உண்டு. இருபது வருஷத்துக்கு முன்னால் அவன் பாதி ஆளாக இருந்தான். ‘கார்வி–டொலன்’ என்று இரட்டையர். ரெக்ஸ் கார்வி பேசுவான், ஆர்ச்சி முழிப்பான். கடைசியில் ரெக்ஸ் அவன் தலையில் முட்டையை உடைப்பான், கூட்டம் உருண்டு சிரிக்கும். பிறகு ரெக்ஸ் தனியாகப் போய், இன்று அவனுக்கும் ஒரு ராத்திரி ஷோ. லண்டுக்கு நேர் எதிரி. நான்கு தெரு தள்ளித்தான் அவன் ஸ்டூடியோ. போன வாரம் ரேட்டிங்கில் ரெக்ஸ் மூச்சுக்காற்று படும் அளவுக்கு லண்டை நெருங்கிவிட்டிருந்தான். மே மாத ரேட்டிங்கை வைத்துத்தான் அடுத்த பல மாதங்களுக்கு விளம்பர விலை. அதனால் இரண்டு பக்கமும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரெக்ஸ் என்னிடம் போனில் கேட்டான்: மாதக் கடைசியில் பழைய ஜோடி மறுபடி சேரட்டும், முட்டை நாடகத்தையே போடலாம். ஆர்ச்சி யோசிக்கக்கூட இல்லை.

“அவன் பக்கத்துல போய் நின்னா மறுபடியும் நான் அரை ஆளு, மேக்ஸின். இந்த நாட்டுல யாருக்காவது என் பேரு தெரியுமா? ‘அட, முட்டைக்காரன்!’னுதான் சொல்றாங்க. ஒரே ஒரு தடவை நான் தனியா நிக்கணும். அப்புறம் நான் செத்தாலும் சரி.”

அதனால்தான் லண்ட் ஷோ. ஒன்றில் பெயர் கொடுத்தவன் அது ஒளிபரப்பாகும்வரை மற்றதில் தலைகாட்டக் கூடாது என்பது இந்த ஊரில் எழுதாத சட்டம்.

அன்று மதியம் கழிவறை தேடிப் போகும் வழியில் இசைக்குழு ஒத்திகை பார்ப்பதைக் கேட்டேன். விருந்தாளி நடந்து வரும்போது ஆளுக்கு ஒரு பாட்டு வாசிப்பார்கள். நடிகருக்கு ஒன்று வாசித்தார்கள், சமையல்கார அம்மாவுக்கு ஒன்று வாசித்தார்கள். உடனே கருவிகளை மூடத் தொடங்கினார்கள்.

“க்ளைட்,” என்று இசைக்குழுத் தலைவரைக் கூப்பிட்டேன். “எங்க ஆர்ச்சிக்கு என்ன பாட்டு?”

க்ளைட் பியானோவைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

“என்னைக் கேக்காதீங்கம்மா.”

“போன தடவை என்ன பாட்டு வெச்சிருந்தீங்க?”

“எந்தத் தடவையும் எங்களை எதுவும் வாசிக்கச் சொல்லல.” என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. “நல்ல மனுஷன் அவரு. எனக்கே மனசு கேக்கல.”

நேரம் போதாமல் போனதெல்லாம் பொய். ஆர்ச்சியை மேடை ஏற்ற இவர்களுக்கு உத்தேசமே இல்லை. ரெக்ஸுக்கு அவன் கிடைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். மாதம் முடியும்வரை சீஸ் தட்டின் முன்னால் கட்டிப்போட்டிருக்கிறார்கள். வைக்கோல்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது.

ஷோவின் தயாரிப்பாளர் நீல் ஸ்டாக்டனின் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனேன். முப்பது வயதுப் பையன், பல்லெல்லாம் வெள்ளை.

“தம்பி நீல், எங்க ஆளுக்கு இன்னிக்கு என்ன பாட்டு?”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. “மேக்ஸின், உக்காருங்க.”

“உக்காந்து உக்காந்துதான் ஒரு மாசம் ஓடிப்போச்சு. இப்ப அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு நாலு தெரு நடப்பேன். ரெக்ஸ் ஏழு மணிக்குத்தான் ஷோவை எடுக்க ஆரம்பிக்கிறான். உங்க சட்டத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு.”

உண்மையில் ஆர்ச்சி அங்கே வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். நீலுக்குத் தெரியாது. அவன் என்னையே பார்த்தான். பிறகு போனை எடுத்து லண்டிடம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிவிட்டு வைத்தான்.

“சரி. இன்னிக்கே ஏத்துறோம். அஞ்சு நிமிஷம் நின்னு பேசட்டும். அப்புறம் வாரன் அவரை சோஃபாவுக்குக் கூப்பிடுவாரு.”

பேசி முடித்த காமெடியனை லண்ட் தன் பக்கத்து சோஃபாவில் உட்காரவைப்பது என்பது பட்டாபிஷேகம். சும்மா கொடுக்கிற கையா இது?

“சோஃபால என்ன?”

“ரெக்ஸைப் பத்தி ரெண்டு கேள்வி. அப்புறம்…” நீல் மறுபடி சிரித்தான். “வாரன் மேஜைக்கு அடியில ஒரு முட்டை வெச்சிருப்பாரு. ஆர்ச்சி தலையில உடைப்பாரு. ரெக்ஸுக்கு முன்னாடி நாம முந்திக்கிட்டோம்னா நாளைக்கு ஊரே அதைத்தான் பேசும். இஷ்டமில்லன்னா சொல்லுங்க, இன்னும் பத்து நாள் சீஸ் சாப்பிடலாம்.”

அவன் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

விருந்தினர் அறைக்கு வந்து ஒன்றையும் மறைக்காமல் ஆர்ச்சியிடம் சொன்னேன். பாட்டு இல்லாததையும் சொன்னேன், முட்டையையும் சொன்னேன். அவன் முகம் சுருங்கிச் சாம்பல் நிறமானது.

“வா, போயிடலாம்டா,” என்றேன். “வேற எங்கயாவது பாப்போம்.”

“எங்க? எனக்கு வயசு திரும்புமா?” எழுந்து சூட்டைத் தட்டிவிட்டான். “சரின்னு சொல்லு அவன்கிட்ட.”

“ஆர்ச்சி!”

“சரின்னு சொல்லு தாயே.”

நான் போய்ச் சொன்னேன். எனக்கு அவன்மேலேயே கோபம் வந்தது.

நடிகர் பேசி முடித்தார். சமையல்கார அம்மா ஏதோ வறுத்தாள். விளம்பர இடைவேளையில் மேஜைக்கு அடியில் ஒருத்தி முட்டைக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனதை நான் திரையோரம் நின்று பார்த்தேன். ஷோவில் பத்து நிமிடம் மீதி இருந்தது. விளக்கு எரிந்ததும் லண்ட் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

“அடுத்து வர்றவரு, நாலு தெரு தள்ளி இருக்கிற நம்ம நண்பர் ரெக்ஸ் கார்வியோட பழைய பங்காளி. தலையைப் பத்திரமா பாத்துக்கிட்டு வாங்க, ஆர்ச்சி!”

கூட்டம் “முட்டை! முட்டை!” என்று கத்தியது. க்ளைட் ஒத்திகையில்லாமலே ஏதோ துள்ளலான பாட்டை எடுத்தார். ஆர்ச்சி நடந்து போனான். முதல் வார்த்தை வரவில்லை.

“இந்தக் கட்டடத்துல ஒரு மாசமா காத்திருக்கேன்,” என்றான் கடைசியில். “எவ்வளவு நாள்னா, தபால்காரர் என் கடிதத்தை இங்கயே கொண்டாந்து குடுக்கறாரு. என் வீட்டுல வேற யாரோ குடிவந்துட்டாங்க.”

சிரிப்பு வந்தது. சின்னதுதான், ஆனால் வந்தது. அவன் தோள் இறங்கியது.

“எங்க வீட்ல எலிக்குத் தனி ரூமு. கோவிச்சுக்க முடியாது. வாடகையை ஒழுங்கா குடுக்கறது அது ஒண்ணுதான். என் பொண்டாட்டி விவாகரத்து கேட்டா. ஏன்னு கேட்டேன். ‘எனக்கு ஒரு மாற்றம் வேணும்’னா. எலி என்ன சொல்லிச்சு தெரியுமா? ‘நான் அவங்ககூடப் போறேன்’னுச்சு.”

கூட்டம் அவன் கைக்குள் வந்துவிட்டது. முட்டையை மறந்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் ஆனதும் கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற பெண் முடிக்கச் சொல்லி விரலைச் சுழற்றினாள். ஆர்ச்சி அவளைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு அடுத்ததை ஆரம்பித்தான்.

அது போன தடவைக்கு எழுதியது. அதற்கடுத்தது அதற்கு முந்தின தடவைக்கு எழுதியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருப்பித் திருப்பி அனுப்பி இவர்களே அவனுக்குச் சரக்கைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஷோவின் நீளத்தை யாராலும் இழுக்க முடியாது. அவன் நிற்க நிற்க சோஃபாவின் நேரம் கரைந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண் இப்போது கழுத்தை அறுப்பதுபோல் கை காட்டினாள். லண்ட் சிரித்துக்கொண்டே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். என் பக்கத்தில் நீல் மைக்கில் சீறினான்:

“க்ளைட், வாசி! வாசிச்சு அவனை நிறுத்து! கேக்குதா?”

க்ளைட்டின் விரல்கள் கட்டைகளுக்கு மேலே நின்றன. என்னை ஒரு தடவை பார்த்தார். காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றிப் பியானோமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம்.

ஒரு சிரிப்பு அடங்கியது. அடுத்தது எழும்ப ஒரு நொடி தாமதமாயிற்று. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அது எழும்பியது, முன்னதைவிடப் பெரிதாக. ஆர்ச்சி வியர்வையில் குளித்திருந்தான். கடைசி வரியைச் சொல்லி மைக்கை மாட்டியபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது.

லண்டுக்குச் சில நொடிதான் மிச்சம். ஒரு கை மேஜைக்கு அடியில் இருந்தது. கூட்டத்தைப் பார்த்தான், ஆர்ச்சியைப் பார்த்தான், கையை வெறுமனே வெளியே எடுத்தான்.

“ஆர்ச்சி டொலன்!” என்றான். “ஆர்ச்சி டொலன், மக்களே! குட் நைட்!”

மேடைக்குப் பின்னால் நீல் குதித்துக்கொண்டிருந்தான். “வெட்டிடலாம் வாரன். ஒளிபரப்புக்கு இன்னும் நேரமிருக்கு. பாதியைத் தூக்கிட்டு, பழைய ஷோவிலேர்ந்து எதையாவது ஒட்டிடலாம்.”

லண்ட் முகத்துச் சாயத்தைத் துணியால் துடைத்தபடி ஆர்ச்சியின் முன்னால் வந்து நின்றான். அவனும் ஒரு காலத்தில் மைக்கோடு ஊர் ஊராய் அலைந்தவன்தான்.

“ஒரு நொடிகூட வெட்டாத,” என்றான் நீலிடம். “இந்த ராத்திரி நாமதான் ஜெயிக்கிறோம்.” பிறகு ஆர்ச்சியிடம், “பிரமாதம் ஆர்ச்சி. மனசாரச் சொல்றேன்” என்று கையைக் குலுக்கினான். விட்ட கையாலேயே வாசலைக் காட்டி, அதே குரலில் நீலிடம் சொன்னான்: “இவரு இனிமே இந்தக் கட்டடத்துக்குள்ள கால் வெக்கக் கூடாது.”

என் வாய் திறந்தது. ஆர்ச்சி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினான்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஜனங்கள் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் இவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஷோ ராத்திரிதான் வரும்; இன்னும் அவர்கள் எதையும் பார்த்திருக்கவில்லை. ரெக்ஸ் இதை மன்னிக்கமாட்டான், லண்ட் கதவைச் சாத்திவிட்டான். நாளைக்கு இவனுக்கு எங்கே வேலை தேடுவது?

ஆர்ச்சி தெருமுனையில் நின்றுவிட்டான்.

“மேக்ஸின், கடைசியா வாரன் என் பேரைச் சொன்னான்ல?”

“ரெண்டு தடவை சொன்னான்.”

“ரெக்ஸ் பேரு வந்துச்சா அதுல?”

“வரல.”

“நல்லா கேட்டியா?”

“கேட்டேன்டா. வரவே இல்ல.”

நாற்பத்தைந்து வயது ஆள், நாலு பேர் பார்க்க, இஸ்திரி போட்ட சூட்டோடு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து அழுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.