பாரா மாற்றம்

டாக்டர் சந்திரமதி யாரைப் பார்த்தாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "கண்ணை மூடுங்க." மெட்ராஸில் எட்டு வருஷம் மனநோய் வார்டில் பழகிய முறை அது. கண்ணை மூடி, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மட்டும் கவனித்தால் பழைய பயம் மெல்ல விலகும். மாற்றலாகி வந்த போர்ட் பிளேரில்தான் அதைக் கேட்க ஆளில்லை. பாதிப் பேர் தலைவலி மாத்திரைக்கு வந்தார்கள். மீதிப் பேர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

1970-இல் ஒரு நாள் நீலாவதி தன் புருஷனை இழுத்துக்கொண்டு வந்தாள். பக்தவத்சலம், ஓய்வுபெற்ற ஹவில்தார், வட ஆர்க்காட்டுக்காரர். தெற்கே கடைசித் தீவில், கேம்பல் பேயில், முன்னாள் ராணுவத்தாருக்கு நிலம் கொடுக்கிறார்கள் என்று வந்து, ஊர் ஓரம் டாலிகஞ்சில் ஒரு கொட்டகையில் கப்பலுக்குக் காத்திருந்தார்கள்.

"கப்பல் சங்கு ஊதினா கட்டிலுக்கு அடியில பூந்துக்கிறாரு மேடம். போன கப்பலை விட்டுட்டோம். பத்து நாள்ல அடுத்தது. அதையும் விட்டா நிலம் வேற ஆளுக்குப் போயிடுமாம். ஊர்ல இருந்ததை வித்துட்டு வந்தோம். திரும்பிப் போனா எங்க போறது?"

"கண்ணை மூடுங்க," என்றார் டாக்டர்.

நான்கு நாள் மூடவைத்தார். நாளுக்கு நாள் மோசம். ஐந்தாம் நாள் பக்தவத்சலம் சட்டையெல்லாம் வேர்த்து எழுந்து நின்றுவிட்டார்.

"மாஃப் கர்னா மேடம், என்னால ஆகாது. அறுபத்தஞ்சு பாகிஸ்தான் சண்டையில ஒரு பாலத்துல காவல் பாரா நின்னேன். விமானம் வந்தா சங்கு ஊத வேண்டியவன் நான்தான். மூணு நாளா தூக்கமில்ல. ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன். நான் ஊதினப்ப குண்டு விழுந்தாச்சு. ரெண்டு பேரு போயிட்டாங்க."

சந்திரமதிக்குச் சுருக்கென்றது. எட்டு வருஷம் வேலை பார்த்து என்ன பிரயோஜனம்? கண்ணை மூடினால் இந்த மனுஷனுக்கு என்ன ஆகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே! வெட்கமாக இருந்தது.

"சரி, மூட வேணாம். பாரா நில்லுங்க. இந்த நிமிஷம் என்ன தெரியுதோ அதை மட்டும் ரிப்போர்ட் பண்ணுங்க."

அவர் ஜன்னலருகே விறைப்பாக நின்றார். "தென்னை மூணு. சைக்கிள்ல ஒருத்தர். கொடியில நீலப் புடவை. சப் டீக் ஹை."

'எல்லாம் சரி' என்று பட்டாளப் பாணியில் முடித்தபோது மூச்சு தானாகச் சீராகியிருந்தது. மறுநாளிலிருந்து அந்தப் பாராவைக் கப்பல் நிற்கும் ஜெட்டிக்கே மாற்றினார் டாக்டர்.

கப்பல் நாளன்று முதல் சங்கு ஊதியபோது பக்தவத்சலம் ஏணிக் கயிற்றை இறுகப் பிடித்தார். "ஏணி. கயிறு. என் பொண்டாட்டி கை," என்று ரிப்போர்ட் சொல்லிக்கொண்டே ஏறிவிட்டார். வழியனுப்ப டாக்டரும் மேல்தளம் வரை போனார்.

அங்கே போய்த்தான் இன்னொன்று உறைத்தது. இவர் போய்ச் சேரும்வரை இமை கொட்டாமல் நிற்பார்; பாலத்தில் நின்ற மாதிரியே. அதற்கு டாக்டரிடம் மருந்தில்லை.

நீலாவதி மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் புருஷன் எதிரே வந்து நின்றாள்.

"அந்தப் பாலத்துல மூணு நாளா உங்களை யாருமே பாரா மாத்தலியா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"நான் மாத்தறேன். ரிப்போர்ட் குடுத்துட்டுப் படுங்க."

அவர் குதிகால்களைச் சேர்த்தார். "கடல். ஜெட்டி. டாக்டர் மேடம். சப் டீக் ஹை." மூட்டையில் தலைசாய்த்துக் கண்ணை மூடினார்.

இரண்டாம் சங்கு ஊதியது. அவர் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது; கண் திறக்கவில்லை. நீலாவதி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள்.