ஒரு முடி கூடக் கொட்டாது

முடிவெட்டும் கடை வைத்திருக்கிறவன் வீட்டுச் சீப்பை ஒளித்து வைப்பானா? அக்காவுடைய தம்பி வைத்தான். அக்கா என்பது அவளுக்கு எல்லோருமாக வைத்துவிட்ட பேர். சலவைக் கூடத்தில் அவளோடு வேலை பார்க்கிற, அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். உண்மையான தம்பி இவன் ஒருத்தன்தான். இந்த ஒருத்தனே போதும் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு.

கீழே கடை, மேலே வீடு. கத்திரி பிடிப்பதோடு நின்றிருந்தால் தம்பி நல்லவன்தான். அவனோ எண்ணெய் காய்ச்சக் கிளம்பினான். எதை எதையோ போட்டுக் கொதிக்கவைத்து, மூக்கைத் துளைக்கிற மாதிரி ஒரு வாசனையையும் ஊற்றிப் பாட்டிலில் அடைத்தான். 'ஒரு முடி கூடக் கொட்டாது' என்று கண்ணாடிக் கதவில் கொட்டை எழுத்தில் எழுதி, வந்தவன் போனவன் தலையிலெல்லாம் கட்டினான். அவன் தலையில் முடி அடர்ந்துதான் இருந்தது. அது அப்பா கொடுத்தது. அப்பாவோ ஆயுசுக்கும் வெறும் தண்ணீரைத் தவிர எதையும் தலையில் வைத்ததில்லை. இதைத் தம்பி யாரிடமும் சொல்லமாட்டான்.

அத்தோடாவது விட்டானா? அக்காவின் பூனையையும் இதில் இழுத்துவிட்டான். சலவைக் கூடத்தில் துணி உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் சூட்டுக்கு ஒண்டிக்கிடந்த குட்டியை அவள் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து வளர்த்தாள். வளர வளர வெள்ளையும் சாம்பலுமாகப் புசுபுசுவென்று நீள முடி. கல்லா மேஜையில் ஏறி உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களை எல்லாம் முறைத்ததால் மேனேஜர் என்று பேர் நிலைத்துவிட்டது. வேலை முடிந்து கால் கடுக்க அவள் திரும்பி வரும்போது படியிறங்கி வந்து எதிர்கொள்கிற ஒரே ஜீவன் அதுதான்.

தம்பி தினமும் அதன் முதுகில் எண்ணெயைத் தடவி, தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சோபாவில் உட்காரவைத்தான். "கறுப்பு சோபா சார், கையால தடவிப் பாருங்க. ஒரு முடி ஒட்டுதா? பூனைக்கே கொட்டலைன்னா மனுஷனுக்குக் கொட்டுமா?" என்பான். வந்தவர்கள் தடவிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஆளுக்கொரு பாட்டிலோடு போனார்கள். என்ன தர்க்கம், என்ன தர்க்கம்! இதைக் கேட்டுக்கொண்டு வாங்கிப் போனவர்களை என்ன சொல்வது?

அக்கா ஒருநாள் கடையில் உட்கார்ந்து பூனைக்குச் சீவியபோது தம்பிக்கு உயிரே போய்விட்டது.

"அய்யோ அக்கா, என்ன பண்ற? முடி பறக்குது பாரு! ஆளுங்க பாத்தா என்ன நினைப்பாங்க?"

"பூனைன்னா முடி பறக்கத்தான்டா செய்யும்."

"என் பூனைக்குப் பறக்காது," என்றான். அவளுடைய பூனை எப்போது அவனுடையதாயிற்று என்று அவள் கேட்பதற்குள் சீப்பைப் பிடுங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு அந்தச் சீப்பு கண்ணில் படவில்லை. அவளும் அலுப்பில் விட்டுவிட்டாள். வேலைக்குப் போடும் கறுப்பு உடுப்பில் பூனை முடி ஒட்டாததும் வசதியாகத்தான் இருந்தது.

பிறகுதான் மேனேஜர் கக்க ஆரம்பித்தது. தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டி, வயிறு உள்ளே போய் உள்ளே போய் வர, 'கக் கக்' என்று ஒரு சத்தம். வாயில் எதுவும் வராது. சளி என்று சொல்லித் தம்பி ஃபேனை நிறுத்தினான். தம்பி பெண்டாட்டி அவனுக்கு மேல். "செல்லம் இருமுது பாருங்க" என்று போனில் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அட, உன் பார்வையில் கொள்ளி வைக்க! பக்கத்தில் சுருண்டு கிடக்கிற பூனையைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

முந்தின நாள் வைத்த மீன் அப்படியே இருந்ததை அக்கா ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கவனித்தாள். தொட்டால் வயிறு கல்லாக இருந்தது. படியிறங்கிவர அதற்குத் தெம்பில்லை. அந்த நேரம் பார்த்துத் தம்பி ஒரு கரண்டியோடு மேலே வந்தான்.

"கவலைப்படாதே. நம்ம எண்ணெயில ஒரு கரண்டி வாயில ஊத்துனா எல்லாம் வழுக்கிட்டு வெளியே வந்துடும். நீ காலைப் பிடிச்சுக்கோ."

அவள் கரண்டியைத் தட்டிவிட்டாள். எண்ணெய் அவன் சட்டையெல்லாம் தெறித்தது. துணிக்கூடையில் துண்டை விரித்துப் பூனையைக் கிடத்திக்கொண்டு கிளம்பினாள்.

"அக்கா, சாயங்காலம் ஏஜென்சிக்காரர் வர்றார். எண்ணெயை எல்லாக் கடைக்கும் எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார். மேனேஜரைக் கண்ணாடியில பாக்கணும்னுதான் வர்றதே!"

"நீ போய் உக்காரு கண்ணாடியில," என்றாள். சாயங்காலத்துக்குள் பூனை திரும்பி வருமா என்று பார்த்துக்கொள்ள அவனும் பின்னாலேயே ஓடிவந்தான். பாசம் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

விலங்கு மருத்துவமனையில் டாக்டரம்மா பூனையின் வயிற்றை இரண்டு கையாலும் மெதுவாக அமுக்கிப் பார்த்தாள். எக்ஸ்ரே எடுத்தும் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"நீள முடிப் பூனை. தினமும் சீவுறீங்களா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். "சீவவே வேண்டாம் டாக்டர்! இதுக்கு ஒரு முடி கூடக் கொட்டாது."

"அப்படியா? அப்ப கொட்டுற முடியெல்லாம் எங்கே போகுது?"

தம்பி சிரித்த வாயை மூடவில்லை.

"முடி கொட்டாத பூனை கிடையாதுங்க. பூனை நாக்குல உள்பக்கமா வளைஞ்ச முள்ளு இருக்கு. நக்குற முடியைத் துப்ப வராது, முழுங்கத்தான் வரும். கொஞ்சம்னா மலத்தோட போயிடும், எப்பவாவது வாந்தியில வரும். சீவாம விட்டா, அதுவும் மேல பிசுபிசுன்னு எதையாவது தடவி விட்டா, ஓயாம நக்கி எல்லாத்தையும் முழுங்கிடும். இதுக்கு அது உருண்டையாகி குடல்ல அடைச்சிருக்கு. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும். வாயில எண்ணெய் கிண்ணெய் ஊத்தலையே? ஊத்தியிருந்தா நுரையீரலுக்குள்ள போயிருக்கும்."

அக்கா தம்பியின் சட்டையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. உலர்த்தும் மெஷினில் பஞ்சு சேர்கிற வலைத்தட்டைத் தினமும் இழுத்துத் தட்டுகிறவள் அவள். ஒருநாள் தட்டாவிட்டால் மெஷின் மூச்சுத் திணறும் என்று புதிதாக வருகிறவர்களை எல்லாம் விரட்டுகிறவள். வீட்டில் மட்டும் முடி மாயமாய் மறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாளாம்! தன் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பொழைச்சுடுமா டாக்டரம்மா?"

"நல்ல வேளை, இன்னிக்காவது கொண்டு வந்தீங்க. பார்ப்போம்."

தம்பிக்கும் ஒரு கேள்வி இருந்தது. "வயித்துல முடியை வழிச்சிடுவீங்களா டாக்டர்? முன்பக்கம் தெரியாம வழிக்க முடியுமா?"

டாக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அக்கா தாழ்வாரத்து பெஞ்சில் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பி ஏஜென்சிக்காரருக்குப் போன் பண்ணி, மேனேஜர் லீவில் இருப்பதாகப் பூசி மெழுகினான். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். அது பிழைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

கதவு திறந்தது. "உயிரோட இருக்கு. மயக்கம் தெளியணும்," என்றாள் டாக்டரம்மா. கையில் ஒரு தட்டு. அதில் கட்டைவிரல் பருமனில், திரித்து முறுக்கின கம்பளி மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று கிடந்தது. இத்தனை நாளும் சோபாவில் ஒட்டாத முடி. குப்பென்று அடித்தது கடையின் வாசனை.

தம்பி குனிந்து மோந்து பார்த்தான். "பாத்தியாக்கா, வாசனை இன்னும் போகல!"

இவனையும் தன்னையும் ஒரே அம்மாவா பெற்றாள் என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

மேனேஜர் மெல்லத் தேறியது. டாக்டரம்மா சொன்னபடி ஈரமான சாப்பாடு, அறைக்கு ஒரு கிண்ணம் தண்ணீர், அவ்வப்போது நக்கக் கொடுக்க ஒரு களிம்பு என்று அக்கா பார்த்துப் பார்த்துச் செய்தாள். தம்பி பக்கத்தில் வந்தாலே பூனை அலமாரிமேல் ஏறிவிடும். புதுசாக ஒரு சீப்பும் வாங்கினாள். எல்லாவற்றிலும் முக்கியம் அதுதான் என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லியிருந்தாள். தினமும் வேலைக்குப் போகுமுன் சீவினாள். எங்கே உட்கார்ந்து? கடை வாசல் படியில், அந்தக் கொட்டை எழுத்துக்கு நேர் கீழே.

வயிற்றில் முடி முளைத்து மூடின சமயத்தில் ஏஜென்சிக்காரர் வந்தார். கருநீலச் சட்டை, கையில் பை. மேனேஜர் அக்காவின் மடியில் கண்ணை மூடிக் கிடந்தது. அவள் சீப்பை இழுக்க இழுக்க முடி கற்றை கற்றையாக வந்தது. கொஞ்சம் காற்றில் எழும்பிக் கண்ணாடிக் கதவில் ஒட்டியது. கொஞ்சம் அவருடைய சட்டையில் போய் உட்கார்ந்தது. அவர் கதவில் இருந்ததைப் படித்தார். சட்டையைப் பார்த்தார். மறுபடி கதவைப் படித்தார்.

தம்பி கையைப் பிசைந்துகொண்டு ஓடிவந்து, அவள் காதுக்குள் கெஞ்சினான்.

"அக்கா, உன் காலைப் பிடிக்கிறேன். உள்ள போய் உக்காந்து சீவக்கூடாதா?"

அக்கா சீப்பிலிருந்த முடியை உருவி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"உள்ள போனது போதும்டா," என்றாள்.